எடைக்குப் போட இருந்த தாத்தாவின் உளி... அதில் ஒளிந்திருந்த புளியாரை இலை!

"அந்தப் பொட்டியையும் எடுத்துக் கீழ வைம்மா. பழைய இரும்பு வாங்குறவர் நாளைக்கு வர்றேன்னு சொல்லியிருக்காரு."

போகிக்கு இரண்டு நாள் முன்பு ஸ்ரீமுஷ்ணத்தில் எங்கள் வீட்டுப் பரணைக் காலி செய்துகொண்டிருந்தபோது அப்பா சொன்னது இது. 'பொட்டி' என்று அவர் சொன்னது தாத்தாவின் தச்சுப் பெட்டியை. தாத்தா இறந்து எட்டு வருடங்கள் ஆகின்றன. அப்பா அந்தத் தொழிலுக்கு வரவில்லை. நான் செல்போனைத் தவிர வேறு கருவியைப் பிடித்ததில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் பெட்டி கீழே இறங்கும். ஆயா எல்லாவற்றுக்கும் விபூதி பூசிப் பொட்டு வைப்பார். மறுநாள் மறுபடி பரண்.

"இனிமே யாரு இழைக்கப் போறா? கதவு, ஜன்னல் எல்லாம் ரெடிமேடா வந்தாச்சு" என்றார் அப்பா. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நானும் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். ஓர் அகல உளியைக் கையில் எடுத்தபோதுதான் அது கண்ணில் பட்டது. துருவுக்கு நடுவே வெள்ளையாகச் சில எழுத்துகள். ஆயா பூசிய விபூதி, இரும்பில் பதித்திருந்த ஆங்கில எழுத்துப் பள்ளங்களில் போய் உட்கார்ந்திருந்தது. எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று இலை கொண்ட ஒரு சின்னம்.

"இது என்ன ஆயா, புளியாரை இலை மாதிரி இருக்கு?"

"அதான் உங்க தாத்தா உளி. அந்த எலை போட்டது நல்ல இரும்புன்னு சொல்லுவாரு."

அந்த இலையைத் தேடிப் போன கதைதான் இது. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், காயலான் கடைக்குக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில், தேய்க்காதீர்கள்!

பழைய இரும்பைப் பார்த்ததும் உப்புத்தாளை எடுத்துப் பளபளவென்று தேய்க்கத் தோன்றும். கிரைண்டரில் கொடுப்பவர்களும் உண்டு. பெரும்பாலான முத்திரைகளின் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு முறை சாணை பிடித்தாலே கருவியின் பிறப்புச் சான்றிதழ் போய்விடும்.

பழைய துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ தொட்டுத் துடையுங்கள். தளர்ந்த துரு தானாக வந்துவிடும். எண்ணெயைச் சுத்தமாக ஒற்றி எடுத்துவிட்டு, முத்திரை இருக்கும் என்று நினைக்கும் இடத்தில் விபூதி அல்லது சாக்பீஸ் தூளைத் தடவி, மேலோட்டமாக ஒரு துடைப்பு. பள்ளத்தில் இருக்கும் தூள் மட்டும் தங்கி எழுத்தாகத் தெரியும். அறையை இருட்டாக்கி, இன்னொரு செல்போனின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால் இன்னும் தெளிவு. நேராக ஒளி விழுந்தால் எழுத்து மறைந்துவிடும். சாய்ந்து விழுந்தால்தான் நிழல் காட்டும்.

எங்கே பார்ப்பது? உளியில், பிடிக்குக் கீழே கழுத்துப் பகுதியில். ரம்பத்தில், பிடியை இறுக்கும் பித்தளைத் திருகுகளில் பெரியதாக இருப்பதன் முகத்தில். இரும்பு இழைப்புளியில், முன் நெற்றியிலும் உள்ளே இருக்கும் தகட்டின் தலைப்பக்கத்திலும். ஆங்கிலேய மர இழைப்புளி என்றால் முன்பக்க முகத்தில். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் பக்கத்துக்காரர்கள் நாங்கள். கோப்பையைக் கவிழ்த்து அடியில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான் இதுவும்.

எழுதியிருப்பதெல்லாம் பெயர் அல்ல

எழுத்து தெரிந்ததும் அதை அப்படியே இணையத்தில் தேடினேன். முதல் நாளே குழப்பம். ஏனென்றால் ஒரு கருவியில் இருக்கும் எழுத்துகள் மூன்று வகை: செய்தவரின் பெயர், தரத்தைச் சொல்லும் வார்த்தை, சொந்தக்காரரின் அடையாளம். இவற்றைப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

தாத்தாவின் ரம்பத்தில் கழுகுச் சின்னத்தோடு 'வாரண்டட் சுப்பீரியர்' என்று இருந்தது. அதுதான் கம்பெனி என்று நினைத்தேன். இல்லையாம். 'உயர்ந்த தரத்துக்கு உத்தரவாதம்' என்ற விளம்பர வாசகம்தான் அது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல கம்பெனிகள் அதே பித்தளைத் திருகை வாங்கிப் பொருத்தின. ஆக, அந்த ரம்பத்தைச் செய்தவர் யார் என்று அந்தத் திருகு சொல்லாது.

'காஸ்ட் ஸ்டீல்' என்று இருந்தால் வார்ப்பிரும்பு என்று நினைத்துவிடக் கூடாது. மண் குகையில், அதாவது மூசையில், உருக்கி எடுத்த உயர்தர எஃகு என்று பொருள். 1740-களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி வளர்த்தெடுத்த முறை அது. இந்த வார்த்தை பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டுக் கருவிகளிலும் 20-ம் நூற்றாண்டின் முற்பகுதிக் கருவிகளிலும் இருக்கும்.

சரி, அந்த இலை? அது புளியாரை அல்ல. 'ஷாம்ராக்' என்ற அயர்லாந்து நாட்டு மூவிலை. ஷெஃபீல்டைச் சேர்ந்த 'வில்லியம் மார்ப்பிள்ஸ் அண்ட் சன்ஸ்' கம்பெனியின் வணிகச் சின்னம். 1828-ல் தொடங்கிய தொழில் அது. அவர்களின் தொழிற்சாலைக்குப் பெயரே 'ஹைபர்னியா ஒர்க்ஸ்'. ஹைபர்னியா என்றால் லத்தீனில் அயர்லாந்து. தாத்தாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் இலையைப் பார்த்து உளி வாங்கத் தெரிந்திருக்கிறது. படம் போட்ட சின்னத்தின் பலமே அதுதான். ஜெர்மனியின் ரெம்ஷைட் நகரத்து உளிகளில் இரட்டைச் செர்ரிப் பழம் இருக்கும். அமெரிக்க ஸ்டான்லி இழைப்புளித் தகட்டில் இதயச் சின்னம் இருந்தால் காதல் சமாச்சாரம் என்று எண்ண வேண்டாம். அந்தக் கம்பெனியின் தலைவராக இருந்த வில்லியம் ஹார்ட்டின் பெயரை வைத்து வந்தது. 1920-களிலும் 1930-களின் தொடக்கத்திலும் வந்த கருவிகளில் இது இருக்கும்.

ஆண்டு எழுதியிருந்தாலும் அவசரப்படாதீர்கள்

அடுத்த கேள்வி வயது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

'ஸ்பியர் அண்ட் ஜாக்சன்' ரம்பங்களில் 1760 என்ற எண்ணைப் பார்க்கலாம். அது கம்பெனி தொடங்கிய ஆண்டு. போன வருடம் கடையில் வாங்கிய ரம்பத்திலும் அது இருக்கும். அதை நம்பி '260 வருடப் பழைய ரம்பம்' என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

பழைய ஸ்டான்லி இழைப்புளிகளில் காப்புரிமை பெற்ற தேதிகளை வார்ப்பிலேயே போட்டிருப்பார்கள். 1910 என்று இருந்தால் 1910-ல் செய்தது என்று அர்த்தமில்லை. 1910-க்கு முன் செய்திருக்க முடியாது என்று மட்டும்தான் அர்த்தம். காப்புரிமை எண் இருந்தால் 'கூகுள் பேட்டண்ட்ஸ்' தளத்தில் போட்டுப் பாருங்கள். வரைபடத்தோடு வந்து நிற்கும்.

நாட்டின் பெயரும் ஒரு துப்பு. வெளிநாட்டுப் பொருளில் அது எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருக்க வேண்டும் என அமெரிக்கா 1890-ல் சட்டம் போட்டது. பொய்யான வணிகக் குறிகளைத் தடுக்க பிரிட்டன் 1887-லும், பிரிட்டிஷ் இந்திய அரசு 1889-லும் தனித்தனிச் சட்டங்கள் கொண்டுவந்தன. அதனால் 'இங்கிலாந்து' என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் 1880-களின் இறுதிக்குப் பிந்தையது. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுசாக இருந்தால் பொதுவாக 20-ம் நூற்றாண்டு. தாத்தாவின் உளியில் முழுசாகவே இருந்தது.

உலோகமும் பேசும். இரண்டாம் உலகப் போரில் பித்தளை தட்டுப்பாடு. அதனால் போர்க்காலத்து ஸ்டான்லி இழைப்புளிகள் சிலவற்றில், தகட்டை ஏற்றி இறக்கும் பித்தளைத் திருகுக்குப் பதிலாகக் கறுப்பு நிறக் கெட்டி ரப்பர் திருகு இருக்கும். ஆனால் ஒன்று: கருவியின் பாகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். தகடு தேய்ந்தால் வேறு தகடு, பிடி உடைந்தால் வேறு பிடி. தாத்தாவின் உளிக்கு இங்கிலாந்தில் போட்ட பிடி எப்போதோ போய்விட்டது. இப்போது இருப்பது அவரே கருவேலங்கட்டையில் செதுக்கியது. ஒரே ஒரு பாகத்தைப் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

மூன்றெழுத்து சொன்ன ரகசியம்

பெட்டியிலேயே கனமானது ஓர் இரும்பு இழைப்புளி. நெற்றியில் 'ரெக்கார்டு' என்றும் '05' என்றும் இருந்தது. ஷெஃபீல்டின் சி அண்ட் ஜே ஹாம்ப்டன் கம்பெனியின் பெயர் அது. அவர்கள் இழைப்புளி விற்கத் தொடங்கியது 1931-ல். ஸ்டான்லியின் எண்களுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்துத் தங்கள் எண்ணாக வைத்துக்கொண்டார்கள். ஸ்டான்லி 5 இங்கே ரெக்கார்டு 05.

பக்கவாட்டில் வேறு மூன்று எழுத்துகள், கையால் ஒவ்வொன்றாக அடித்தது போலச் சற்றே கோணலாக: எஸ்.ஐ.ஆர்.

இன்று அந்த மூன்றெழுத்தைக் கேட்டால் எல்லோருக்கும் வாக்காளர் பட்டியல்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். ஆசாரித் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவரிடம் காட்டினேன். எண்பதை நெருங்குகிறவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "இது ரயிலுக்காரன் சாமான் ஆச்சே பாப்பா!" என்றார்.

சவுத் இந்தியன் ரயில்வே. பொன்மலையில் 1928-ல் வந்த பெரிய பணிமனை அவர்களுடையது. விருத்தாசலம் வழியாக விழுப்புரத்தையும் திருச்சியையும் இணைக்கும் பாதையைப் போட்டதும் அவர்கள்தான். 1951 ஏப்ரல் 14 அன்று அது மற்ற ரயில்வேக்களோடு இணைந்து தெற்கு ரயில்வே ஆனது. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பழைய பெயரை அடித்திருக்க வாய்ப்பு குறைவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரெக்கார்டு என்பதால் 1931-க்குப் பின். எஸ்.ஐ.ஆர் என்பதால் 1951-க்கு முன். இரண்டே முத்திரைகளில் அதன் வயது இருபது வருட இடைவெளிக்குள் வந்துவிட்டது. எந்தப் புத்தகமும் இல்லாமல்!

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அப்பாவின் முகம் மாறியது. "ரயில்வே சாமான் நம்ம வீட்டுக்கு எப்படி வந்தது?" அவர் கேட்ட தொனி எனக்குப் புரிந்தது. ஆயாவுக்கும் புரிந்தது.

"ஏன்டா, உங்க அப்பன் அப்படியாப்பட்ட ஆளா? விருத்தாசலத்துல கழிச்ச சாமானை ஏலத்துல எடுத்தவன்கிட்ட வாங்கினாரு. நீ பொறந்த வருசம். என் காதுல கெடந்தத அடகு வெச்சுதான் காசு குடுத்தோம். அத மீட்கவே இல்ல."

அப்பா எதுவும் பேசவில்லை. ஐம்பது வருடத்துக்கும் மேலாக அந்த வீட்டில் இருந்த பொருள். அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஷெஃபீல்டுக்கு...

இப்படி உளி, இழைப்புளி எல்லாம் ஷெஃபீல்டு, ஷெஃபீல்டு என்றே வந்ததில் எனக்குக் கொஞ்சம் சலிப்பு. நம்முடையது என்று ஒன்றுமே இல்லையா? தேடியபோது பதில் எங்கள் மாவட்டத்திலேயே இருந்தது.

ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குப் போவார். வழியில் இஸ்லாமியர்களும் வரவேற்று மரியாதை செய்யும் புகழ்பெற்ற ஊர்வலம் அது. அந்தக் கிள்ளைக்குப் பக்கத்து ரயில் நிலையம்தான் பரங்கிப்பேட்டை. அங்கே 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் ஓர் இரும்பு ஆலை தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவர். சேலம் பகுதியின் இரும்புத் தாதுவை, காட்டு மரக் கரியில் உருக்கினார்கள். அங்கே வார்த்த இரும்பு கப்பலேறி இங்கிலாந்து போனது. ஷெஃபீல்டில் எஃகு செய்யவும் அதைப் பயன்படுத்தினார்கள்.

கரிக்காக மரம் வெட்டி வெட்டி விறகு தூரமாகிப்போனது, செலவு ஏறியது, ஆலை நிலைக்கவில்லை. ஆனால் இங்கிலாந்து திரும்பிய ஹீத் 1839-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். எஃகு உருக்கும்போது கொஞ்சம் மாங்கனீசு சேர்த்தால், விலை குறைந்த இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும் என்பதே அது. ஷெஃபீல்டின் எஃகு விலை குறைய அது ஒரு காரணம். பலரும் அந்த முறையைப் பயன்படுத்தினார்கள். அவருக்குரிய பணம் வரவில்லை. வழக்கு நடந்துகொண்டே இருக்க, 1851-ல் இறந்துபோனார்.

அதற்கும் முன்பே நம் உருக்கின் புகழ் அங்கே போயிருந்தது. மூசையில் எஃகு செய்வது தென்னிந்தியாவில் பல நூற்றாண்டுப் பழக்கம். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் பழங்கால இரும்பு உருக்கிய உலைகளை அகழாய்வில் கண்டிருக்கிறார்கள். நம் எஃகை ஐரோப்பியர்கள் 'வூட்ஸ்' என்றார்கள். 'உருக்கு', 'உக்கு' என்ற நம் தென்னிந்தியச் சொற்களிலிருந்து வந்த பெயர் என்று சொல்வார்கள். மின்சார ஆராய்ச்சியால் நமக்குப் பாடப்புத்தகத்தில் அறிமுகமான மைக்கேல் ஃபாரடே, இளம் வயதில் இந்த வூட்ஸை ஆராய்ந்து, அதைப் போலச் செய்து பார்க்க முயன்றவர்.

தாத்தாவின் உளியில் பரங்கிப்பேட்டை இரும்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. காலம் பொருந்தாது. ஆனால் 'ஷெஃபீல்டு' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இத்தனை ஊர்களும் இத்தனை பேரும் இருக்கிறார்கள். முத்திரையில் ஒருவர் பெயருக்குத்தான் இடம் இருக்கும்.

பெயரே இல்லாத வாச்சி

பெட்டியில் கடைசியாக மிஞ்சியது வாச்சி. மரத்தைக் கொத்திச் செதுக்கும் கருவி. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், விபூதி பூசினேன், டார்ச் அடித்தேன். எழுத்தே இல்லை. காம்பு நுழையும் கண்ணுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிகள் மட்டும், அடுப்புக்கல் வைத்தது போல. படம் எடுத்துக் கூகுள் லென்ஸில் போட்டால் யாரோ வெளிநாட்டில் விற்கும் மண்வெட்டியைக் காட்டியது.

மறுபடி அந்தத் தச்சரிடமே போனேன். அவர் எழுத்தைத் தேடவில்லை. விரலால் தடவிப் பார்த்தார். "இது சுத்தியல் பட்ட எடம், மேடு பள்ளமா இருக்கு பாரு. மெஷின்ல வந்தா ஒரே மட்டமா இருக்கும். வாய்கிட்ட நெறம் மாறுதா? ஒடம்புக்குப் பச்சிரும்பு, வாய்க்கு மட்டும் எஃகு வெச்சு அடிச்சிருக்கான். இப்ப லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி அடிக்கிறாங்க. அதுல இந்தக் கோடு வராது. இது கொல்லன் பட்டறை வேலை, பாப்பா. இந்தப் பக்கத்து வேலைதான்."

முத்திரை இல்லாத கருவியை இப்படித்தான் படிக்க வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன். சுத்தியல் தடம், எஃகு ஒட்டிய கோடு, கண்ணின் வடிவம், காம்பு என்ன மரம். இவைதான் அதன் எழுத்துகள். பச்சிரும்பு பழையதாகித் துருப்பிடித்தால் மரத்தின் ரேகை மாதிரி வரிவரியாகத் தெரியும். அதுவும் ஓர் அடையாளம்.

"அந்த மூணு புள்ளி யாரோடது தாத்தா?"

"அதுவா... எங்க காலத்துல சுத்துவட்டாரத்துல நாலஞ்சு பட்டறை இருந்துச்சு. ஆளுக்கொரு குத்து வெப்பாங்க. இது யாருதுன்னு உங்க தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

ஆயாவிடம் கேட்டேன். அவருக்கு அந்தப் பட்டறை ஞாபகம் இருந்தது. துருத்தி மிதித்த சிறுவனை ஞாபகம் இருந்தது. வாச்சிக்குக் கூலியாக நெல் அளந்தது ஞாபகம் இருந்தது. "பேரு மட்டும் வரலையே... எல்லாரும் கொல்லாசாரின்னுதான் கூப்புடுவோம்" என்றார்.

எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இருநூறு வருடங்களுக்கு முன் தொழில் தொடங்கிய மார்ப்பிள்ஸின் பெயரைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. என் தாத்தா நடந்தே போய் வாச்சி வாங்கிய ஆளின் பெயரை ஒரு மாதமாகத் தேடுகிறேன். கிடைக்கவில்லை. அரும்பாவூர் மரச் சிற்பங்களுக்கு 2020-லும், கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம். அப்படிப்பட்ட வேலைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக உளி அடித்துக் கொடுத்தவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

நீங்கள் என்ன செய்யலாம்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டியால் நீங்கள் லட்சாதிபதி ஆகப்போவதில்லை. ரெக்கார்டு 05 லட்சக்கணக்கில் செய்து விற்ற சாதாரணக் கருவி. சாணை பிடித்தால் இன்றும் நன்றாக இழைக்கும். அதுதான் அதன் மதிப்பு.

ஆனால் விலை இல்லாத ஒன்று உங்கள் வீட்டில் இருக்கலாம்: அதைப் பற்றித் தெரிந்த ஒரு பெரியவர். கம்பெனிப் பெயர் எங்கேயும் ஓடிவிடாது, பத்து வருடம் கழித்தும் தேடலாம். பெரியவரின் ஞாபகம் அப்படியில்லை. கருவியைக் கையில் கொடுத்து, செல்போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். எங்கே வாங்கினது? யார் அடித்துக் கொடுத்தது? என்ன விலை? இதை வைத்து என்ன செய்தார்? சொல்வதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்தத் தாள்தான் முத்திரை.

பழைய இரும்பு வாங்குகிறவர் சொன்னபடி வந்தார். உடைந்த சைக்கிள், துருப்பிடித்த டிரம், இரண்டு பழைய பேன் எல்லாம் எடைக்குப் போயின. பெட்டியைப் பார்த்து, "அதையும் போட்ருங்கண்ணே" என்றார்.

"அது இல்லப்பா" என்றார் அப்பா.

இப்போது பெட்டி பரணில் இல்லை. கூடத்தில், ஆயாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தினமும் ஒரு தடவையாவது வாச்சியை எடுத்துப் பார்க்கிறார். பெயர் ஞாபகம் வந்தால் உடனே போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.